கேள்வி பதில்: நன்றாக ஓடிய அரசு இணையச் சேவைகளை ஏன் கலைத்தார்கள்?

அமெரிக்க மத்திய அரசுக்குள் இருந்துகொண்டு மக்களுக்கான இணையச் சேவைகளை உருவாக்கிய குழுக்கள் 2025-ஆம் ஆண்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: குறிப்பில் ‘18எஃப்’, ‘டிஜிட்டல் சர்வீஸ்’ என்று இரண்டு பெயர்கள் இருந்தன. இவை என்ன துறைகள்? எதற்காகத் தொடங்கப்பட்டன?

துறைகள் என்று சொல்லும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. சில நூறு பேரைக்கூடத் தாண்டாத குழுக்கள். அவற்றின் தோற்றத்தை அறிய 2013 அக்டோபர் 1-ஆம் தேதிக்குப் போக வேண்டும். ஒபாமா அரசு கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி மக்கள் காப்பீடு வாங்குவதற்காக ஹெல்த்கேர்.கவ் என்ற இணையதளம் அன்று திறக்கப்பட்டது. நாடு முழுவதும் மக்கள் முண்டியடித்த அந்த முதல் நாளில், கடைசிப் படி வரை போய்க் காப்பீட்டை உறுதி செய்தவர்கள் ஆறே பேர் என்பது பின்னர் நாடாளுமன்றக் குழுவின் கைக்கு வந்த ஆவணங்களில் தெரியவந்தது. என்னென்ன காப்பீடுகள் உள்ளன என்று பார்க்கும் முன்பே ஒவ்வொருவரும் கணக்கு தொடங்கியாக வேண்டும் என்று தளம் அமைக்கப்பட்டிருந்ததால், கூட்டம் முழுவதும் அந்த ஒரு வாசலிலேயே சிக்கிக்கொண்டது. பல பத்து ஒப்பந்த நிறுவனங்கள் ஆளுக்கொரு பகுதியைச் செய்திருந்தன. முழுத் தளமும் ஓடுகிறதா என்று பார்ப்பது யாருடைய வேலை என்பதற்கு மட்டும் விடை இல்லை.

அப்போது கூகுளில் பெருந்தளங்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த மிக்கி டிக்கர்சன் உள்ளிட்ட சிலர் அழைத்துவரப்பட்டார்கள். டிக்கர்சன் நடத்திய அன்றாடக் கூட்டங்களுக்கு அவர் வகுத்த விதிகளில் இரண்டு கவனிக்கத்தக்கவை. சிக்கலைத் தீர்ப்பதற்குத்தான் இந்தக் கூட்டம், பழி சுமத்துவதற்கு வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன என்பது ஒன்று. பதவியில் உயர்ந்தவர் பேசக் கூடாது, விஷயம் தெரிந்தவர் பேச வேண்டும் என்பது இன்னொன்று. அரசு அலுவலகத்தில் ஒரு நாளாவது வேலை பார்த்தவர்களுக்கு இரண்டாவது விதி எவ்வளவு பெரிய கலகம் என்பது விளங்கும். சில வாரங்களில் தளம் நிமிர்ந்தது. 2014 ஏப்ரலில் அந்தப் பருவத்தின் கணக்கை முடித்தபோது, மாநிலங்கள் தனியே நடத்திய தளங்களையும் சேர்த்துப் பதிவு செய்தவர்கள் 80 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

ஆபத்துக்கு ஓடிவந்த இந்த வகை ஆட்களை நிரந்தரமாக அரசுக்குள் வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணத்தில் 2014 ஆகஸ்டில் வெள்ளை மாளிகையின் கீழ் யு.எஸ். டிஜிட்டல் சர்வீஸ் தொடங்கப்பட்டது. டிக்கர்சனே அதன் முதல் தலைவரானார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, மார்ச்சில், அரசுக் கட்டடங்களையும் கொள்முதலையும் கவனிக்கும் பொதுச் சேவை நிர்வாகத்தில் 18எஃப் உருவாகியிருந்தது. முன்னது பெரிய துறைகள் தடுமாறும்போது உள்ளே போய்க் கைகொடுக்கும் குழு. பின்னது எந்தத் துறையும் பணம் கொடுத்து வேலைக்கு அமர்த்திக்கொள்ளக்கூடிய ஓர் அரசு மென்பொருள் கடை.

கேள்வி: ‘18எஃப்’ என்ற பெயர் எதைக் குறிக்கிறது?

வாஷிங்டன் நகரில் அவர்களுடைய அலுவலகம் 18-ஆம் தெருவும் எஃப் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்தது. வேறு மர்மம் எதுவும் இல்லை.

கேள்வி: இவர்கள் பத்தாண்டுகளில் சாதித்தது என்ன? கலைக்கப்பட்ட விதம் என்ன?

அரசுத் தளங்கள் பலவற்றில் ஒரே கணக்கைக் கொண்டு நுழைய உதவும் லாகின்.கவ் தளத்தை இரண்டு குழுக்களும் சேர்ந்து தொடங்கி 2017-இல் வெளியிட்டன. அரசுத் தளங்களின் எழுத்துரு, பொத்தான், படிவம் ஆகியவற்றுக்கு ஒரு பொது வடிவமைப்புத் தொகுப்பு 2015-இல் வந்தது; பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் கொண்டு படிக்கும்போது படிவம் உளறாமல் இருப்பதற்கான வேலை அந்தத் தொகுப்பிலேயே முன்கூட்டிச் செய்யப்பட்டிருந்தது என்பதால், ஒவ்வொரு துறையும் அதைத் தனித்தனியே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தேர்தல் நிதிக் கணக்குகளை வெளியிடும் ஆணையத்தின் தளத்தை 18எஃப் திருத்தி அமைத்தது. இந்தப் பட்டியலைவிட முக்கியமானது, ஒப்பந்தம் எழுதுவதில் அவர்கள் கொடுத்த பயிற்சி. ஐந்தாண்டுக்கு ஒரே நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு முடிவில் வருவதை வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை விட்டு, வேலையைச் சிறு துண்டுகளாக்கி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓடும் மென்பொருளைக் கண்ணால் பார்த்து, பிடிக்காவிட்டால் ஒப்பந்தக்காரரை மாற்றிக்கொள்ளும் முறையை மத்தியத் துறைகளுக்கும் மாநிலங்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஓர் அரசு அலுவலரின் “இந்த நிறுவனம் சொல்வது நடக்கிற காரியமா?” என்ற கேள்விக்கு உள்ளிருந்தே பதில் சொல்ல ஓர் ஆள் இருந்ததுதான் இவர்களுடைய பெரிய பங்களிப்பு என்பது என் கருத்து.

இனி, கலைப்பு. 2025 ஜனவரி 20-ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டு டிஜிட்டல் சர்வீஸுக்கு ‘யு.எஸ். டோஜ் சர்வீஸ்’ என்று பெயர் மாற்றினார். குழுவை மூடவில்லை, அதன் கூட்டுக்குள் எலான் மஸ்க் முன்னின்று நடத்திய செலவுக் குறைப்பு இயக்கம் குடியேறியது. பிப்ரவரி நடுவில் பழைய ஊழியர்களில் சுமார் 40 பேர் மின்னஞ்சல் வழியே வேலை நீக்கம் செய்யப்பட்டனர். அதே மாதம் 25-ஆம் தேதி, எஞ்சியிருந்தவர்களில் 21 பேர் கூட்டாக விலகல் கடிதம் கொடுத்தார்கள். அரசின் அடிப்படைக் கட்டமைப்புகளைச் சிதைக்கவோ, மக்களின் தனிப்பட்ட தகவல்களை ஆபத்துக்குள்ளாக்கவோ தங்கள் திறமையைப் பயன்படுத்த மாட்டோம் என்பது அதன் சாரம்.

18எஃப்பின் முடிவு இன்னும் சுருக்கமானது. பிப்ரவரி 3-ஆம் தேதியே மஸ்க் எக்ஸ் தளத்தில், அந்தக் குழு நீக்கப்பட்டுவிட்டது என்று எழுதினார். ஆனால் அன்று ஊழியர்கள் வழக்கம்போல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்ச் 1, சனிக்கிழமை, நள்ளிரவு கடந்த பிறகு அவர்கள் எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது: குழு இன்றியமையாதது அல்ல என்று முடிவு செய்யப்பட்டிருப்பதால் கலைக்கப்படுகிறது. காலையில் விழித்தவர்கள் தங்கள் அலுவலகக் கணினிக்குள் நுழைய முடியவில்லை. சுமார் 90 பேர் வேலை இழந்தார்கள். பாதியில் நின்ற வேலைகளை யாரிடமாவது ஒப்படைப்பதற்கு அவகாசம் தரப்படவில்லை என்பதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. சிக்கனம்தான் நோக்கம் என்றால், ஏற்கெனவே பணம் செலவழித்துச் செய்த வேலையை வாங்கி வைத்துக்கொள்ளாமல் கதவைச் சாத்துவது எந்தச் சிக்கனத்தில் சேர்த்தி?

கேள்வி: தொழில்நுட்பக் குழு என்றாலே குறையற்றது என்பது போல எழுதுகிறீர்கள். இவர்கள் மேல் புகாரே இல்லையா?

இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. மற்றத் துறைகளிடம் கட்டணம் வாங்கித் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் 18எஃப்புக்கு இடப்பட்ட விதி. 2016-இல் பொதுச் சேவை நிர்வாகத்தின் தலைமைத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை, தொடக்கத்திலிருந்து அதுவரை அக்குழு 3 கோடி டாலருக்கும் மேல் நட்டத்தில் ஓடியிருப்பதைச் சுட்டிக்காட்டியது. 2023 மார்ச்சில் வந்த மற்றோர் அறிக்கை இன்னும் கடுமையானது: அடையாளத்தைச் சரிபார்ப்பதில் அரசு வகுத்த தரத்தை எட்டிவிட்டதாக லாகின்.கவ் தரப்பு மற்றத் துறைகளிடம் தவறாகச் சொல்லி வந்திருக்கிறது, அதன்பேரில் 1 கோடி டாலருக்கு மேல் கட்டணமும் பெற்றிருக்கிறது.

இவை உண்மையான குறைகள். ஆயினும் 2025 மார்ச் மின்னஞ்சலில் இவற்றில் ஒன்றுகூடக் காரணமாகக் காட்டப்படவில்லை. இன்னொரு முரணும் உண்டு: கடுமையான குற்றச்சாட்டுக்கு உள்ளான லாகின்.கவ் தொடர்ந்து இயங்குகிறது, கலைக்கப்பட்டது 18எஃப். தணிக்கையில் கண்ட குறைக்காக நடவடிக்கை எடுத்திருந்தால் வரிசை வேறு மாதிரி அல்லவா இருந்திருக்கும்?

கேள்வி: நான் வரி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய அரசு தந்த இலவசத் தளமும் நிறுத்தப்பட்டதாக அறிகிறேன். வரி வாங்கும் துறையே அதற்கான தளத்தைத் தருவதில் யாருக்கு என்ன நட்டம்?

இந்தக் கதை முழுவதற்கும் திறவுகோல் நீங்கள் கேட்ட கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்கர் ஒருவர் ஆண்டுதோறும் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யச் சராசரியாக 13 மணி நேரமும் 270 டாலர் அளவிலும் செலவிடுகிறார் என்பது வருவாய்த் துறையான ஐ.ஆர்.எஸ்ஸின் மதிப்பீடு. டர்போடாக்ஸ் என்ற வரிக் கணக்கு மென்பொருளை விற்கும் இன்ட்யூட், எச் அண்ட் ஆர் பிளாக் போன்ற நிறுவனங்களின் வருமானம் இந்தச் செலவிலிருந்துதான் வருகிறது. 2002-இல் ஐ.ஆர்.எஸ்ஸும் இந்த நிறுவனங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன: குறைந்த, நடுத்தர வருமானம் உள்ளவர்களுக்கு நிறுவனங்கள் இலவச மென்பொருள் தரும், பதிலுக்கு அரசு தானாக ஒரு தளத்தை உருவாக்காது. வரி வாங்கும் அரசு, வரி செலுத்துபவருக்குப் படிவம் நீட்ட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதிசயம் அது. வரி செலுத்துவோரில் பத்துக்கு ஏழு பேருக்கு அந்த இலவசத்தில் உரிமை இருந்தும், 2019 வாக்கில் அதைப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. காரணங்களில் ஒன்றை அந்த ஆண்டு புரோபப்ளிகா செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது: தேடுபொறிகளில் இலவசப் பக்கம் அகப்படாதபடி இன்ட்யூட் தன் தளத்தில் நிரல் எழுதி வைத்திருந்தது. ஆண்டு இறுதியில் ‘அரசு போட்டியிடாது’ என்ற விதி ஒப்பந்தத்திலிருந்து நீக்கப்பட்டது. 2022-இல் எல்லா மாநிலங்களோடும் செய்துகொண்ட சமரசத்தில் இன்ட்யூட் 14.1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

அதே 2022-இல் இயற்றப்பட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம், அரசே இலவசத் தளம் நடத்த முடியுமா என்று ஆராய 1.5 கோடி டாலர் ஒதுக்கியது. ஐ.ஆர்.எஸ்ஸுடன் டிஜிட்டல் சர்வீஸும் 18எஃப்பும் சேர்ந்து கட்டிய அந்தத் தளத்துக்கு டைரக்ட் ஃபைல் என்று பெயர். 2024-இல் 12 மாநிலங்களில் சோதனையாகத் திறந்தபோது 1,40,803 பேர் அதன் வழியே கணக்குத் தாக்கல் செய்தார்கள். 2025-இல் 25 மாநிலங்களுக்கு விரிந்தபோது எண்ணிக்கை 2,96,531 ஆனது. சோதனை ஆண்டில் கருத்துச் சொன்னவர்களில் 90 சதவீதத்தினர் மிக நன்று அல்லது சராசரிக்கு மேல் என்றார்கள். வரித் துறையின் தளம் ஒன்றுக்கு இப்படி ஒரு மதிப்பெண் கிடைத்ததைத் தங்களைப் போன்றவர்கள்தான் சரியாக வியக்க முடியும்.

அந்தத் தளத்தின் உள்ளமைப்பை ஒரு கணம் பார்ப்பது தகும். வரிப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், ‘பூஜ்யம்’ என்றும் பொருள்படலாம், ‘இன்னும் கேட்கவில்லை’ என்றும் பொருள்படலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல மென்பொருள்களில் தவறான கணக்கு வருகிறது. டைரக்ட் ஃபைலின் நடுவில் இருந்த கணிப்புப் பொறி, வரிச் சட்டத்தின் ஒவ்வொரு விதியையும் தனித்தனி உண்மையாக எழுதி, எது எதைச் சார்ந்தது என்று வலைப்பின்னலாகக் கோத்து வைத்திருந்தது. குழந்தை உங்களுடன் எத்தனை மாதம் வசித்தது என்ற பதிலை நீங்கள் பின்னால் போய்த் திருத்தினால், அதைச் சார்ந்த வரிச்சலுகைகள் மட்டும் மீண்டும் ‘முடிவாகாதவை’ ஆகிவிடும். அவற்றுக்கு வேண்டிய கேள்விகளை மட்டும் திரை மறுபடி கேட்கும். மொழி எளிய ஆங்கிலம் அல்லது ஸ்பானிஷ். சந்தேகம் வந்தால் அங்கேயே அரட்டைப் பெட்டியில் ஐ.ஆர்.எஸ். ஊழியர் பதில் சொல்வார். இடையிடையே ‘கூடுதல் பாதுகாப்புக்கு 40 டாலர் செலுத்துங்கள்’ என்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

யாருக்கு நட்டம் என்பது இப்போது புலப்பட்டிருக்கும். 2024 டிசம்பரில், டிரம்ப் பதவியேற்கும் முன்பே, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த 29 பிரதிநிதிகள், முதல் நாளிலேயே டைரக்ட் ஃபைலை நிறுத்த வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதினார்கள். வரி விதிப்பவரே வரிக் கணக்கையும் போட்டுக் கொடுப்பது முரண்பாடு, தனியார் ஏற்கெனவே செய்வதை அரசு செய்வது வீண் என்பவை அவர்களுடைய வாதங்கள். 2025 ஜூலையில் நிறைவேறிய பெரிய வரிச் சட்டத்திலேயே, டைரக்ட் ஃபைலுக்குப் பதிலாக அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டத்தை ஆராய 1.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. தளத்தை ஆராய ஒதுக்கிய அதே தொகை, அதை அகற்ற ஆராய்வதற்கும். நவம்பரில், 2026 பருவத்துக்குத் தளம் கிடையாது என்று மாநிலங்களுக்கு அறிவிக்கப்பட்டது.

கேள்வி: ஒரு கணக்குக்கு 138 டாலர் செலவானது என்று அமெரிக்கக் கருவூலத் துறையே சொல்கிறது. அந்தப் பணத்தைக் கையில் கொடுத்திருந்தால் மக்கள் தனியாரிடம் வாங்கியிருப்பார்களே?

எண் சரியானதுதான். 2025 பருவத்துக்கு ஆன 4.1 கோடி டாலரைத் தாக்கலான கணக்குகளால் வகுத்தால் 138 டாலர் வருகிறது. தகுதி பெற்றிருந்த 3 கோடிக்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர்தான் பயன்படுத்தினார் என்பதையும் நானே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சுயதொழில் வருமானம் உள்ளவர்களும், செலவுகளை வகைவகையாகக் காட்டிக் கழிப்பவர்களும் அதைப் பயன்படுத்தவே முடியவில்லை. குறை கூறுபவர்கள் இதுவரை சொல்வது நியாயம்.

ஆனால் மென்பொருளின் செலவு பெரும்பாலும் பயனாளர்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. வரிச் சட்டத்தை நிரலாக்குவதும், பாதுகாப்புச் சோதனையும், மாநிலங்களோடு இணைப்பதும் ஒருவர் வந்தாலும் ஒரு கோடிப் பேர் வந்தாலும் ஏறத்தாழ ஒரே செலவு. முதலிரண்டு ஆண்டுக் கணக்கை வைத்து ‘ஒன்றுக்கு இவ்வளவு’ என்று வகுப்பது, வகுத்தியைச் சிறியதாக வைத்துக்கொண்டு விடையைப் பெரியதாகக் காட்டுவது. அதுவும் அந்த வகுத்தி சிறியதாக இருந்ததற்கு ஆட்சியாளர்களுக்கும் பங்குண்டு: 2025 பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 18எஃப் குழுவே நீக்கப்பட்டுவிட்டதாக மஸ்க் எழுதியதைப் படித்து, தளம் மூடிவிட்டது என்று நம்பியவர்கள் இருந்தார்கள், ஏப்ரலில், பருவம் முடிந்த மறுநாளே, அதைக் கைவிடத் திட்டம் என்ற செய்தி வந்தது. முதலில் ஆளே வரவிடாமல் செய்துவிட்டுப் பிறகு ஆளே வரவில்லை என்று காரணம் காட்டுவது புதிய உத்தி அல்ல.

கேள்வி: டோஜ் குழுவிலும் திறமையான கணினி வல்லுநர்கள்தானே இருந்தார்கள்? பழையவர் போய்ப் புதியவர் வந்ததற்கு இவ்வளவு வருத்தம் ஏன்?

திறமையில் அல்ல, வேலை செய்யும் முறையில்தான் வேறுபாடு. பழைய குழு ஒரு துறைக்குள் போனால், முதல் சில வாரங்கள் விண்ணப்பம் நிரப்பும் மக்களோடும் அதைப் பரிசீலிக்கும் எழுத்தரோடும் உட்கார்ந்து பார்ப்பதில் கழியும். துறையின் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான்; அவர்களிடம் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. டோஜ் எதிர்த் திசையிலிருந்து வந்தது: முதலில் அதிகாரம், அடுத்து தரவுத்தளங்களுக்குள் நுழையும் அனுமதி, பிறகு ஆட்குறைப்பு. விலகிய 21 பேரின் கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. பதவியேற்பு நடந்த மறுநாள் அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு நேர்காணல் செய்தவர்களில் சிலர் தங்கள் பெயரைச் சொல்லவே மறுத்தார்களாம். கேள்விகளில் அரசியல் விசுவாசத்தைச் சோதிப்பவையும் இருந்தனவாம். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் என்பதைத் தவிர இரண்டு குழுக்களுக்கும் பொதுவானது எதையும் நான் காணவில்லை.

கேள்வி: இது ஒரு கட்சியின், ஒரு மனிதரின் செயல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. டிரம்பின் முதல் ஆட்சிக் காலத்தில், 2017 முதல் 2021 வரை, இதே டிஜிட்டல் சர்வீஸ் நிம்மதியாக இயங்கியது. படைவீரர் நலத் துறையின் இணையதளம் 2018-இல் புதுப்பிக்கப்பட்டது அக்காலத்தில்தான்.

மற்ற நாடுகளில் கலைப்பு இவ்வளவு இரைச்சலோடு நடக்கவில்லை, ஆனால் நடந்தது. ஆஸ்திரேலியாவில் மால்கம் டர்ன்புல்லின் முயற்சியால் 2015-இல் டிஜிட்டல் மாற்றத்துக்கான அலுவலகம் ஒன்று தொடங்கியது. அடுத்த ஆண்டு அக்டோபரில், அவர் பிரதமராக இருக்கும்போதே, அது மேற்பார்வை பார்க்கும் முகமையாக மாற்றப்பட்டது. அதை நடத்திவந்த பால் ஷெட்லர் சில வாரங்களில் விலகினார். எல்லா அரசுச் சேவைகளையும் ஒரே தளத்தில் கொண்டுவரும் திட்டம் கைவிடப்பட்டது. இந்தக் குழுக்களுக்கெல்லாம் முன்மாதிரியான பிரிட்டனின் அரசு டிஜிட்டல் சேவை, 2012 அக்டோபரில் கவ்.யுகே தளத்தைக் கொண்டுவந்து நூற்றுக்கணக்கான துறைத் தளங்களைச் சுருக்கியது. துறைகளின் கணினிச் செலவுக்குத் தடை போடும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தவர் ஃபிரான்சிஸ் மாட் என்ற அமைச்சர். 2015-இல் அவர் அமைச்சரவையை விட்டுப் போனார். குழுத் தலைவர் மைக் பிராக்கனும் அதே ஆண்டு வெளியேறினார். பணம் குறையவில்லை, பெயரும் மாறவில்லை. துறைகளிடம் வேண்டாம் என்று சொல்லும் பலம் மட்டும் கரைந்தது. அதன் பின் அக்குழு தன் பலத்தை ஊன்றிய வெரிஃபை என்ற அடையாளத் திட்டம், 2020-க்குள் இரண்டரைக் கோடிப் பேர் என்ற இலக்கை வைத்துக்கொண்டு 2019 பிப்ரவரியில் 36 லட்சத்தில் நின்றது, பின்னர் மூடப்பட்டது. அந்தத் தோல்விக்கு அரசியலைக் குறை சொல்ல முடியாது.

இந்த நாடுகள் எல்லாவற்றிலும் ஒரே நிலைமைதான்: இந்தக் குழுக்கள் ஒரு அமைச்சரின், ஓர் அதிபரின் ஆதரவில் பிறந்தவை. அந்த ஆதரவு விலகிய நாளில் அவற்றுக்காக வாதாட எந்தத் துறைக்கும் காரணம் இல்லை. மாறாக, தங்கள் ஒப்பந்தங்களில் மூக்கை நுழைத்தவர்கள் தொலைந்தார்கள் என்று பெருமூச்சு விட்டவர்கள்தான் அதிகம்.

கேள்வி: கோடிக்கணக்கான மக்கள் பயன்படுத்திய சேவை என்றால், மக்களே கொதித்தெழுந்திருக்க வேண்டாமா?

கூரை ஒழுகாத வீட்டில் கொத்தனாரின் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. லாகின்.கவ் வழியே நுழைபவருக்கு அதைச் செய்தது யார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் தரம். எதிர்த்தரப்பில் இருந்தவர்களுக்கோ, எதை இழக்கிறோம் என்பது டாலர் கணக்கில் தெரிந்திருந்தது.

கேள்வி: டைரக்ட் ஃபைலின் நிரல், எவரும் படித்து எடுத்தாளும்படி திறந்த மூலமாக வெளியிடப்பட்டுவிட்டதே. யாராவது எடுத்து ஓட்டிக்கொள்ளலாம் அல்லவா? மென்பொருள் துறையில் இருப்பவன் என்ற முறையில் கேட்கிறேன்.

2025 மே மாத இறுதியில் நிரலின் பெரும்பகுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியானது உண்மை. சட்டப்படி அப்படி வெளியிட வேண்டிய கடமை இருந்தது என்றாலும், கலைப்பு நிச்சயமான பிறகும் அதைச் செய்து முடித்த ஊழியர்களைப் பாராட்ட வேண்டும். அந்தக் கணிப்புப் பொறியைப் படித்துப் பார்ப்பது உங்களுக்குப் பயன்படும்.

ஓட்டுவது வேறு விஷயம். வரிச் சட்டம் ஆண்டுதோறும் மாறும். மாறிய விதியை நிரலில் ஏற்றுபவருக்குப் பக்கத்தில் ஐ.ஆர்.எஸ்ஸின் சட்ட வல்லுநர் உட்கார்ந்து, இந்தச் சொல்லுக்குத் துறை கொள்ளும் பொருள் இதுதான் என்று சொல்ல வேண்டும். முதலாளி ஏற்கெனவே அனுப்பிய சம்பள விவரத்தைத் திரையில் தானாக நிரப்பும் வசதி 2025-இல் தொடங்கியிருந்தது. அந்தத் தரவு அரசிடம் மட்டுமே இருக்கிறது, வெளியில் எந்தத் தொண்டு நிறுவனமும் அதைத் தொட முடியாது. எனவே வெளியானது ஒரு பருவத்து வரிச் சட்டத்தின் உறைந்த வடிவம். இரண்டு மூன்று பருவம் போனால் அதைத் தட்டி எழுப்புவதைவிடப் புதிதாக எழுதுவதே எளிது என்று உங்களைப் போன்றவர்களே சொல்வீர்கள்.

கேள்வி: இத்தகைய குழுவைக் கலைக்க முடியாதபடி அமைக்க வழி உண்டா?

கலைக்கவே முடியாத அரசு அமைப்பு இருக்கக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு அந்த உரிமை வேண்டும். ஆனால் கலைப்பதற்கு ஒரு விவாதமாவது தேவைப்படும்படி அமைக்கலாம். டிஜிட்டல் சர்வீஸ் ஓர் அதிபரின் முடிவால் பிறந்தது, எனவே வேறோர் அதிபரின் கையெழுத்தால் ஒரே நாளில் உருமாறியது. 18எஃப்புக்குத் தனிச் சட்டம் கிடையாது, வரவுசெலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடும் கிடையாது. பத்தாண்டுகள் இருந்தன, அந்தக் காலத்தில் இரு கட்சிகளும் ஆதரித்த ஆண்டுகளும் இருந்தன. சட்டம் கேட்டுப் போராடினால் நாடாளுமன்றத்தின் கட்டுப்பாடு வரும், வேகம் போய்விடும் என்று தள்ளிப்போட்டதில்தான் பெரிய பிழை நேர்ந்தது என்று எண்ணுகிறேன். 2018 டிசம்பரில் அரசு இணையதளங்களின் தரத்தைப் பற்றி ஒரு சட்டம் இயற்றப்பட்டது, அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தளம் எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதைச் செய்து தரும் ஆட்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது வழி, ஆட்களை ஒரே குழுவில் குவிக்காமல் துறைகளின் நிரந்தரப் பணியிடங்களில் அமர்த்துவது. நவீன மென்பொருள் தெரிந்த பத்துப் பேர் வரித் துறையின் சொந்த ஊழியர்களாக, அதன் ஓய்வூதியப் பட்டியலில் இருந்தால், வெள்ளை மாளிகையிலிருந்து வரும் ஒரு மின்னஞ்சல் அவர்களை அவ்வளவு எளிதில் அடைய முடியாது. சம்பளமும் பதவி வரிசையும் இதற்குத் தடை என்பார்கள், அது உண்மையும்கூட.

கேள்வி: வேலை இழந்த அந்த வல்லுநர்கள் என்ன ஆனார்கள்? அரசுக்கு இனி அப்படிப்பட்டவர்கள் தேவையில்லையா?

மேரிலாந்து, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா போன்ற மாநில அரசுகளில் இதே முறையில் இயங்கும் டிஜிட்டல் குழுக்கள் இருக்கின்றன. மத்திய அரசிலிருந்து வெளியேறுபவர்களுக்கு அவை இயல்பான அடுத்த இடம். 18எஃப்பின் முன்னாள் ஊழியர்கள் தாங்களே ஒரு தளம் தொடங்கி, தங்கள் வழிகாட்டி நூல்கள் மறையாதபடி பொதுவெளியில் வைத்திருக்கிறார்கள்.

தேவையைப் பற்றிக் கேட்டீர்கள். 2025 ஆகஸ்டில், அரசுத் தளங்கள் பார்ப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் மோசமாக இருக்கின்றன என்று சொல்லி, ஏர்பிஎன்பி நிறுவனர்களில் ஒருவரான ஜோ கெபியாவின் தலைமையில் தேசிய வடிவமைப்புக் கூடம் ஒன்றை டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையால் ஏற்படுத்தினார். டிசம்பரில், மத்தியத் துறைகளுக்கு மென்பொருள் வல்லுநர்கள் போதவில்லை என்று சொல்லி, சுமார் 1,000 பேரை இரண்டாண்டுப் பணிக்கு எடுக்கும் ‘டெக் ஃபோர்ஸ்’ திட்டம் அறிவிக்கப்பட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு அரசுப் பணிக்கு வந்துவிட்டுத் திரும்பலாம் என்ற அதே ஏற்பாட்டில்தான் டிக்கர்சன் காலத்திலிருந்து டிஜிட்டல் சர்வீஸுக்கும் ஆள் எடுத்தார்கள். இம்முறையும் அதற்குத் தனிச் சட்டம் இல்லை.